டாக்டர் அழுத இரவு

'இருபத்து நாலு மணி நேரம் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்!'

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியபடி டாக்டர் சொல்லும் இந்த வசனத்தைக் கேட்காத தமிழ் சினிமா ரசிகர் உண்டா? கிண்டல் செய்கிறோமே தவிர, திரையில் வரும் டாக்டர் என்றால் நமக்குக் கடவுளுக்கு அடுத்த படி. அவர் தப்பே செய்ய மாட்டார். இந்த விஷயத்தில் அமெரிக்கர்களும் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல!

1961-ல் 'டாக்டர் கில்டேர்', 'பென் கேஸி' என்று இரண்டு ஆஸ்பத்திரித் தொடர்கள் அமெரிக்க டி.வி.யில் ஆரம்பமாயின. கதை வசனத்தைப் படித்துப் பார்த்து ஆலோசனை சொன்னது யார் தெரியுமா? அமெரிக்க மருத்துவர்களின் சங்கம்! அப்புறம் டாக்டர் எப்படித் தப்பு செய்வார்? 1969-ல் 'மார்கஸ் வெல்பி' வந்தது. அதில் டாக்டராக நடித்த ராபர்ட் யங்குக்கு, தங்கள் வியாதியை விவரித்து ஆலோசனை கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. மனிதர் வெறும் நடிகர். ஆனாலும் ஜனங்களுக்கு அவர்தான் டாக்டர்.

1982-ல் 'செயின்ட் எல்ஸ்வேர்' என்ற தொடர் இந்தப் பிம்பத்தை லேசாகக் கீறிப் பார்த்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் கூட்டம் சேரவில்லை.

நாம் பார்க்கப்போவது அதற்கும் பன்னிரண்டு வருடங்கள் கழித்து வந்த 'இ.ஆர்.' தொடரின் முதல் சீஸன். எமர்ஜென்ஸி ரூம் என்பதன் சுருக்கம்தான் இ.ஆர். நம்மூர் பாஷையில் அவசர சிகிச்சைப் பிரிவு.

கதையை எழுதியவர் மைக்கேல் கிரைட்டன். ஹார்வர்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு எழுத்தாளர் ஆனவர். மாணவராக அவசர சிகிச்சைப் பிரிவில் கண்டதையெல்லாம் வைத்து, 1974-ல் ஒரு சினிமாவுக்கான திரைக்கதை எழுதினார். யாரும் சீந்தவில்லை. 'ஏகப்பட்ட கேரக்டர்கள், புரியாத மருத்துவ வார்த்தைகள், கதை ரயில் வேகத்தில் ஓடுகிறது' என்றார்கள். திரைக்கதை தூங்கப் போய்விட்டது.

பல வருடங்களுக்குப் பிறகு அதைப் படமாக எடுப்பதற்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்குடன் பேசிக்கொண்டிருந்தார் கிரைட்டன். 'வேறென்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?' என்று பேச்சுவாக்கில் கேட்டார் ஸ்பீல்பெர்க். 'டைனோசர் பற்றி ஒரு நாவல்' என்றார் இவர். அவ்வளவுதான், ஆஸ்பத்திரியை அப்படியே விட்டுவிட்டு டைனோசர் பின்னால் ஓடினார் ஸ்பீல்பெர்க். 1993-ல் 'ஜுராசிக் பார்க்' உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. அதற்கப்புறம் கிரைட்டன் எழுதிய எதற்கும் மவுசுதானே? இருபது வயது திரைக்கதை தூசு தட்டப்பட்டது. பெரிய மாற்றம் எதுவுமில்லை. டாக்டர் பென்டன் கறுப்பினத்தவர் ஆனார், டாக்டர் லூயிஸ் பெண்ணானார், நீளம் கொஞ்சம் குறைந்தது. செட் போடப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. எனவே லாஸ் ஏஞ்சலீஸில் மூடிக்கிடந்த லிண்டா விஸ்டா என்ற நிஜ ஆஸ்பத்திரிக்குள்ளேயே முதல் எபிசோடைச் சுட்டுத் தள்ளினார்கள். அதன் தலைப்பு என்ன தெரியுமா? '24 மணி நேரம்'!

1994 செப்டம்பர் 19 அன்று என்.பி.சி. சேனலில் ஒளிபரப்பானது. முந்தின நாள்தான் சி.பி.எஸ். சேனல் 'சிகாகோ ஹோப்' என்ற தொடரை ஆரம்பித்திருந்தது. அதுவும் ஆஸ்பத்திரிக் கதை, அதுவும் சிகாகோ நகரம். போதாக்குறைக்கு இரண்டுக்கும் வியாழக்கிழமை இரவு பத்து மணி! மோதலில் 'சிகாகோ ஹோப்' தாக்குப்பிடிக்க முடியாமல் திங்கட்கிழமைக்கு இடம் மாறியது. அந்த சீஸனில் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர்களில் 'இ.ஆர்.'-க்கு இரண்டாவது இடம்.

நோயாளியைத் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரெச்சர் ஓட, கேமராவும் கூடவே ஓடும். டாக்டர்கள் தங்களுக்குள் மருத்துவ பாஷையில் கத்திக்கொள்வார்கள். யாரும் நின்று நமக்கு விளக்கமாட்டார்கள். எதற்காக இருபது வருடங்கள் அந்தக் கதையை நிராகரித்தார்களோ, அதற்காகவே இப்போது ஜனங்கள் பார்த்தார்கள்.

இப்போது ஒரு சின்னச் சம்பவம். முதல் எபிசோடில் கரோல் என்ற நர்ஸ் தற்கொலைக்கு முயன்று, தான் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகிறாள். செத்துப்போவதாகத்தான் திட்டம். ஒளிபரப்புக்கு முன் போட்டுக் காட்டியபோது, பார்த்தவர்களுக்கு அந்த நர்ஸை ரொம்பப் பிடித்துவிட்டது. கரோல் பிழைத்துக்கொண்டாள்! அந்த வேடத்தில் நடித்த ஜூலியானா மார்குலிஸ், அந்த சீஸனுக்காக எம்மி விருதும் வாங்கினார். டி.வி. ஆஸ்பத்திரியில் உயிர் பிழைக்க மருந்து வேண்டாம், பார்வையாளர்களுக்குப் பிடித்தால் போதும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1995 மார்ச் 9, வியாழக்கிழமை இரவு.

நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி சிறுநீர்த் தொந்தரவு என்று கணவனுடன் வருகிறாள். டாக்டர் மார்க் கிரீன் (நடித்தவர் ஆன்டனி எட்வர்ட்ஸ்) பரிசோதித்துவிட்டு, 'சிறுநீரில் கிருமித் தொற்று, பயப்பட ஒன்றுமில்லை' என்று அனுப்பிவைக்கிறார். கிளம்பிய சற்று நேரத்தில் அவளுக்கு வலிப்பு வருகிறது. எக்லாம்சியா, அதாவது பிரசவ வலிப்பு. முன்கூட்டியே தெரிந்த அறிகுறிகளை டாக்டர் கவனிக்கவில்லை. மகப்பேறு நிபுணர் உடனே வருகிற வழியாக இல்லை. கிரீனே பிரசவம் பார்க்கிறார். குழந்தையின் தோள் சிக்கிக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் வயிற்றைக் கிழிக்கிறார். குழந்தை பிழைக்கிறது. தாய்?

மணிக்கணக்கில் போராடியும் அவள் இறந்துபோகிறாள். கணவனிடம் போய்ச் சொல்கிறார் கிரீன். பிறகு தனியாக ரயிலில் வீடு திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகிறார்.

இந்தக் கதையை எழுதியவர் லான்ஸ் ஜென்டைல். நிஜமாகவே அவசர சிகிச்சை டாக்டர்! அவருக்கும், இயக்கிய மிமி லெடருக்கும் எம்மி விருதுகள் கிடைத்தன. கோடிக்கணக்கான ஜனங்களிடம் ஒரு டி.வி. டாக்டர், 'நானும் தப்பு செய்வேன், அதற்கு ஒரு உயிர் விலை' என்று ஒப்புக்கொண்ட இரவு அது.

ஆக, உண்மையைச் சொன்ன தொடர் என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாமா? கொஞ்சம் பொறுங்கள்.

1996-ல் 'நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வெளியானது. டாக்டர்கள் சிலர் 'இ.ஆர்.', 'சிகாகோ ஹோப்' இரண்டின் 94-95 சீஸனையும், நிஜச் சம்பவங்களைக் காட்டும் 'ரெஸ்க்யூ 911' நிகழ்ச்சியையும் சேர்த்து மொத்தம் 97 எபிசோடுகளை உட்கார்ந்து பார்த்தார்கள். எதற்கு? இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்கொடுக்கும் சி.பி.ஆர். முதலுதவி எத்தனை முறை வருகிறது, எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு. வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த மாதிரிக் கணக்குகள் மேல் ஒரு பிரியம்.

மொத்தம் 60 முறை. அதில் 75 சதவிகிதம் பேருக்கு இதயம் மறுபடி துடித்தது. மூன்றில் இரண்டு பங்கு பேர் பிழைத்து வீட்டுக்கே போய்விட்டார்கள். நிஜத்தில்? ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் நீண்ட நாள் பிழைத்தவர்கள் 6.5 முதல் 15 சதவிகிதம்தான் என்று அதே ஆய்வு கணக்குக் காட்டியது. திரையில் நெஞ்சு அழுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளவட்டங்கள். நிஜத்தில் வயதானவர்களே அதிகம். நர்ஸ் கரோல் விஷயம் ஞாபகம் வருகிறதா?

இதில் என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்கிறீர்களா? தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கிற ஒரு மகளை நினைத்துப் பாருங்கள். 'உங்க அப்பாவுக்கு வயசு எண்பது. மறுபடி ஹார்ட் நின்னா, நெஞ்சை அழுத்தணுமா? வேண்டாமா?' என்று டாக்டர் கேட்கிறார். அந்த நிமிஷத்தில் அவள் மனசுக்குள் ஓடுவது மருத்துவப் புள்ளிவிவரம் அல்ல, டி.வி.யில் பார்த்த காட்சி. அழுத்தினால் எழுந்துவிடுவார்! விலா எலும்பு முறியலாம், மீண்டாலும் பழைய மனிதராக இல்லாமல் போகலாம் என்பதையெல்லாம் அந்தக் காட்சி அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

தப்பாகப் புரிந்துகொள்ள வேண்டாம். வழியில் ஒருவர் இதயம் நின்று விழுந்தால், தயங்காமல் நெஞ்சை அழுத்தத்தான் வேண்டும். சும்மா நின்றால் கிடைக்காத வாய்ப்பு அதில் கிடைக்கிறது. ஆனால் அது வாய்ப்பு. உத்தரவாதம் அல்ல.

'இ.ஆர்.' 15 சீஸன், 331 எபிசோடுகள் ஓடி, 2009 ஏப்ரலில் முடிந்தது. முடிவைப் பார்க்க கிரைட்டன் இல்லை. 2008 நவம்பரில் காலமாகிவிட்டார். நடுவில் 1998-ல் ஒரு எபிசோடுக்கு 1.3 கோடி டாலர் தர என்.பி.சி. ஒப்புக்கொண்டது. அதுவரை கொடுத்தது 20 லட்சம் டாலர்கூட இல்லை!

அந்த முதல் சீஸனில் பிழைத்து எழுந்த நோயாளிகளின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. காப்பாற்ற முடியாமல் போன ஒரு தாயும், ரயிலில் அழுத ஒரு டாக்டரும்தான் இன்னமும் பேசப்படுகிறார்கள். அன்றைக்கு ராத்திரி டி.வி. நம்மிடம் பொய் சொல்லவில்லை. அதனால் இருக்கலாம்.