வசைக்கு அஞ்சி விழுந்த வாக்கு



பாதுகாப்புச் சட்டம் வந்தால் மக்களின் விழிப்பைப் பார்த்துத்தான் உறுப்பினர்கள் வாக்களிக்கிறார்கள் என்றார் எதிரணி நண்பர். நல்ல ஆசை! வரலாறு வேற கதை சொல்லுதே!

2001 டிசம்பர் 13. நாடாளுமன்றத்தின் மீதே தாக்குதல். அடுத்த ஆண்டு 'பொடா' மசோதா. 2002 மார்ச் 21-ல் மாநிலங்களவை 98-க்கு 113 என்று அதைத் தள்ளிவிட்டது. விட்டார்களா? மார்ச் 26-ல் இரு அவைகளின் கூட்டுக் கூட்டம். ஆதரவு 425, எதிர்ப்பு 296. சட்டம் வந்துவிட்டது. எதிர்த்துப் பேசியவர்களுக்கு என்ன பெயர்? 'பயங்கரவாதத்துக்குப் பரிந்து பேசுறவங்க!' அந்த வசையைச் சுமக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? போதாததற்குக் கொறடா உத்தரவு வேறு.

அன்று ஆளுங்கூட்டணியில் இருந்த வைகோ மசோதாவை ஆதரித்தார். ஜூன் 29-ல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11-ல் சென்னை விமான நிலையத்தில் கைது. எந்தச் சட்டம்? அதே பொடா! ஏறத்தாழ 19 மாதம், உங்கள் பக்கத்து ஊர் வேலூர்ச் சிறையில். 2004 பிப்ரவரியில்தான் ஜாமீனில் வெளியே வந்தார்.

பாவிலே ஓர் இழை அறுந்தால் அந்த நொடியே கண்டுபிடிக்கிற கண் உங்கள் கண். ஆனால், 'நம்ம எம்.பி. அன்னிக்கு எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?' என்று தறிக்குழியிலிருந்து யாராவது கேட்டோமா? அப்போது ஆரணி வேறொரு தொகுதிக்குள் இருந்தது. தன் பெயரில் மக்களவைத் தொகுதி கிடைத்ததே 2009 தேர்தலில்தான்.

எதிரணிக்கு நானே ஒரு சான்று தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ல் வந்த 'தடா'. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது. தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மனித உரிமை ஆணையத் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, நீட்டிக்காதீர்கள் என்று உறுப்பினர்களுக்குக் கடிதமே எழுதினார். 1995 மே மாதம் தடா காலாவதியானது. ஒப்புக்கொள்கிறேன், அது விழிப்பின் வெற்றி. ஆனால் அதற்குப் பத்து வருஷம் ஆச்சே, ஐயா!

பொடாவை எதிர்த்து வாக்களித்த காங்கிரஸ், 2004-ல் ஆட்சிக்கு வந்ததும் அதை நீக்கியது. அன்று தொடங்கியது 'மென்மையான அரசு' என்ற வசை. நான்கு ஆண்டு கேட்டுக்கொண்டார்கள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல். டிசம்பர் 17-ல், மக்களவையில் ஒரே நாளில் இரண்டு சட்டங்கள்! ஒன்று தேசியப் புலனாய்வு முகமைக்கு. மற்றது பழைய சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குத் திருத்தம். போலீசிடம் தரும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் பிரிவை மட்டும் திரும்பக் கொண்டுவரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம் என்பது? அது பொடாவில் இருந்ததுதான். நீக்கிய கையே கொண்டுவந்து வைத்தது.