சத்துமாவில் பூஞ்சை நச்சு... கொதிக்க வைத்தால் போய்விடுமா?

போகாது. கொதிக்கும் கஞ்சியில் பூஞ்சை செத்துவிடும். ஆனால் அது ஏற்கனவே உண்டாக்கிய நச்சு அப்படியே இருக்கும். வறுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அந்த நச்சின் பெயர் அஃப்லாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் அதை உண்டாக்குகின்றன. வேர்க்கடலை, மக்காச்சோளம் இரண்டிலும் அதிகம் வரும். பல வீட்டுச் சத்துமாவில் இவை இருக்கும். பூஞ்சைக்குச் சூடும் ஈரப்பதமும் பிடிக்கும். நம்ம ஊரில் இரண்டுக்கும் குறையில்லை.

என்ன ஆகும்?

ஒரேயடியாக அதிகம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் செயலிழக்கலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் 1988இல் நூடல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் மாண்டனர். அந்த நூடல்ஸில் அஃப்லாடாக்சின் கலந்திருந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கூறினர்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நாளடைவில் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் கூடும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் செய்த ஆய்வில், ரத்தத்தில் இந்த நச்சின் அடையாளம் அதிகம் இருந்த பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் இருந்தனர். தாய்ப்பாலை நிறுத்திய பிள்ளைகளிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது.

சின்ன உடம்பு, தினமும் அதே கஞ்சி. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைகளுக்கான தானிய உணவில் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் அஃப்லாடாக்சின் B1தான் அனுமதிக்கிறது. பொதுவான தானிய உணவுகளில் அது 2 மைக்ரோகிராம்.

எப்போது கவனிக்கணும்?

அரைப்பதற்கு முன்பே. மாவாகிவிட்டால் கெட்ட கடலை எது, நல்லது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். பார்க்க நன்றாக இருப்பதிலும் நச்சு இருக்கலாம். ஆனாலும் பொறுக்குவது வீண்வேலை இல்லை. பெரும்பாலும் சில கடலைகளில்தான் நச்சு குவிந்திருக்கும்.

முளைகட்டிய ராகியை நன்றாகக் காயவைத்த பிறகே அரைக்கணும். மழைநாளில் பால்கனியில் அரைகுறையாகக் காய்ந்ததை நம்ப வேண்டாம். வறுத்தது நன்றாக ஆறட்டும். சூட்டோடு மூடினால் டப்பாவுக்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்.

ஊரிலிருந்து பாட்டி மூன்று கிலோ அனுப்புகிறாரா? அரைக் கிலோ போதும் என்று சொல்லுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி வேண்டாம். தினமும் சத்துமாவே கொடுக்காமல் அரிசிக் கஞ்சி, பருப்பு, காய்கறி என்று மாற்றிக் கொடுங்கள்.

மேலாக மட்டும் பூஞ்சை பிடித்திருந்தால்? அதை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கக் கூடாது. டப்பாவோடு குப்பைக்கு.