செவி தளர்ந்த பண்டிதை

புணே நகரின் மேற்கு விளிம்பில், குன்றடியில் உள்ளது பாணேர். நகரைக் கடந்து கிழக்கே, தௌண்டு செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது கேட்காவ். அங்கேதான் பண்டிதை ரமாபாய் நிறுவிய முக்தி இல்லம் இருக்கிறது.

1858-இல் பிறந்த ரமாபாய் பஞ்சத்தில் பெற்றோரையும் தமக்கையையும், 1880-இல் தமையனையும், 1882-இல் கணவரையும் இழந்தார். மருத்துவம் பயில எண்ணி 1883-இல் கைக்குழந்தையுடன் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியமையால் அவ்வாசல் அடைபட்டது. அவ்வாண்டே அங்கு ஞானஸ்நானம் பெற்றார். எனினும் தலையாட்டும் நம்பிக்கையன்று அவருடையது. ஆங்கிலத் திருச்சபையின் கோட்பாடுகளைக் கடிதங்களில் அஞ்சாது வினவினார்.

பின்னர் எபிரேய, கிரேக்க மொழிகளைக் கற்று வேதாகமத்தை மராத்தியில் பெயர்த்தார். மொழிபெயர்ப்பே தொழிலான நமக்கு வியப்பளிப்பது ஒன்று உண்டு. சம்ஸ்கிருதத்தில் தோய்ந்த அப்பண்டிதை, கற்றோர் நடையை விடுத்து, எளிய பெண்டிர்க்கும் விளங்கும் மொழியைத் தேர்ந்தார். (எளிமையே கடினம் என்பதை நாம் நாள்தோறும் உணர்கிறோம்!) இல்லத்துப் பெண்களே அச்சுவேலையும் செய்தனர். 1921-இல் ஒரே மகள் மனோரமா மறைந்தார். துயருற்ற தாய் பணியை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் அவரும் காலமானார். முழு வேதாகமம் 1924-இல் வெளிவந்தது.