கூப்பிடு தூரம்

மார்கழி ஏகாதசியன்று விடியுமுன் திருவரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும் வேளையில், திரண்டு நிற்கும் மக்கள் 'ரங்கா, ரங்கா' என்று எழுப்பும் குரலைக் காவிரிக்கு இக்கரையில், திருச்சியில் வாழும் நாமும் அறிவோம். அதனை இரைச்சல் என்று எவரும் சொல்லார். பெயர் சொல்லி அழைக்கும் குரல் அது.

இதனை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாயின் 'க்ரை' என்னும் சொல்லே கைக்கு எட்டும். பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் 'அழு' என்று பொருள் சொல்லும். அழுகை பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். உரக்கக் கூவுதலே பழம்பொருள். பிரெஞ்சு வழியாக வந்த இச்சொல்லின் வேர் 'குவிரித்தாரே' என்னும் இலத்தீன் வினை. 'குவிரித்தேஸ்' என்போர் உரோமைக் குடிமக்கள். அவர்களைத் துணைக்கு அழைப்பதே அவ்வினையின் பொருள் என்று கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வாரோ விளக்கினார். இக்கால மொழியறிஞர் சிலர் இதனை ஐயுறுவர். எனக்கோ விட மனமில்லை. இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு மன்னன் 1285-இல் இயற்றிய வின்செஸ்டர் சட்டமும் இவ்வுணர்வையே காட்டுகிறது. கள்வனைக் கண்டவன் கூக்குரல் எழுப்பினால், கேட்டவர் யாவரும் ஊர் ஊராய் அவனைத் துரத்தக் கடமைப்பட்டவர். கள்வன் அகப்படாவிடில் இழப்புக்கு அவ்வட்டாரத்தாரே பொறுப்பு. காதில் விழுந்த குரலே கடனாயிற்று.

நம் முன்னோரோ தொலைவையே குரலால் அளந்தனர். 'கூப்பிடு தூரம்' என்னும் அளவையில் கல்லும் இல்லை, கயிறும் இல்லை. கூப்பிடுபவரும் கேட்பவருமே உள்ளனர். 'பூசல்' என்னும் சொல்லின் கதிதான் வருத்தந் தருகிறது. பண்டைத் தமிழில் அது பேரொலியையும் போரையும், இழந்தோர் எழுப்பும் கதறலையும் குறித்தது. இன்று கட்சிகளின் உட்பூசல், ஏன், பங்குப் பேரவைகளின் உட்பூசல் என்ற அளவில் அது சுருங்கிவிட்டது.

எரிகோ சாலையில் பார்வையற்ற பர்த்திமேயு கூவியபோது, பேசாதிருக்குமாறு அதட்டியவர் பலர். அவர்களுக்கு அது இரைச்சல். அவரோ முன்னிலும் உரக்கக் கூவினார். இயேசு நின்றார், அவரை அழைத்துவரச் சொன்னார்.

கல்வாரியில் அந்த இயேசுவே உரக்கக் கூவினார். 22-ஆம் திருப்பாடலின் தொடக்கச் சொற்களால் தம் இறைவனை அழைத்தார். அருகில் நின்றோர் கூப்பிடு தூரத்திற்கும் உள்ளேயே இருந்தனர். குரல் கேட்டது, யாரை அழைக்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை. எலியாவைக் கூப்பிடுவதாக எண்ணினர். எலியா வருவாரா பார்ப்போம் என்று நின்ற இடத்திலேயே நின்றனர்.