வெயிலும் முதுமையும்: வடபாதை முதல் மண்டபம் வரை

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகச் செல்லும் கலஹா வீதி அந்தனை மலைச்சாரலை விட்டு நீங்கித் தேயிலைத் தோட்டங்களினூடே கலஹாவைச் சென்றடைகின்றது. அதற்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேயே 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். குளிர்ந்த இம்மலைப் பிரதேசத்தை வெப்பத்தோடு தொடர்புபடுத்துவது முதற்பார்வையில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயின், இங்கு வாழும் தமிழ் மக்களின் வரலாறு இருமுறை வெயிலைக் கடந்த வரலாறாகும். மலையேறி வந்தபோது ஒரு முறை. மலையிறங்கிச் சென்றபோது மறுமுறை. முன்னதில் இளவயதினரே பெரும்பான்மையினராக இருந்தனர். பின்னதில் முதியோரும் அகப்பட்டனர்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டோர் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் அங்கிருந்து கண்டிக்கும் கால்நடையாகவே வந்தனர். வடபாதை எனப்பட்ட இவ்வழியின் கொடுமையைக் காடும் விலங்கும் காய்ச்சலும் கொண்டு விளக்குவதே வழக்கம். வெயிலுக்கு உரிய இடம் கொடுக்கப்படுவதில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டின் பிற்பகுதியில் அமைந்தமையால், அதற்கு ஆள் சேர்ப்போர் அதற்கு முந்திய மாதங்களிலேயே தம் கூட்டத்தை நடத்தி வரவேண்டியிருந்தது. அதுவோ வறண்ட வலயத்தில் குளங்கள் வற்றி நிலம் வெடித்துக் கிடக்கும் காலம். பயிரின் நாட்காட்டி மனிதரை அப்பாதையின் மிகக் கொடிய பருவத்திலே நடக்க வைத்தது எனலாம். தாகத்தால் கலங்கல் நீரைக் குடித்தவனைக் கொலரா பற்றியது. அவனது சாவு கொலராவின் கணக்கிலே சேர்ந்தது. தாகம் எக்கணக்கிலும் சேரவில்லை.

1840களில் இவ்வழியிலும் தோட்டங்களிலுமாக 70,000 பேர் மாண்டனர் என 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இத்தொகை மிகையானது எனக் கொள்ளும் ஆய்வாளரும் உளர். தொகை எதுவாயினும், நடக்க மாட்டாதவர் வழியோரத்தில் விடப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. கங்காணிக்கு முற்பணம் கொடுத்து அழைத்து வந்த ஆள் ஒரு முதலீடு. நோயாளியோ ஒரு தாமதம். பின்னர் அரசாங்கம் வழியிற் கொட்டில்களும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் அமைத்தது. தோட்டங்களுக்கு ஆள் குறைந்துவிடும் என்ற அச்சமே இதற்குத் தூண்டுகோலாயிற்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அரசு கண்டுபிடித்த இவ்வேற்பாடு மக்களுக்குப் புதியதன்று. வழிப்போக்கருக்கு மடமும் சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் வைப்பது தமிழரின் பழைய அறம். சிங்களக் கிராமத்தவரும் அம்பலம் கட்டினர். தெருவோரத்தில் நீர்ப்பானை வைத்தனர். வெப்பத்திலிருந்து மனிதனைக் காக்கத் தேவையானவை நிழல், நீர், சற்று உட்கார இடம், உடனிருக்க ஓர் ஆள் ஆகிய இவையே என்பதை அவர்கள் மருத்துவ நூல் படித்து அறிந்தாரல்லர்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. பருவத்துக்கு வந்து போகும் ஆட்கள் தேயிலைக்குப் போதவில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் குடும்பங்கள் தேவைப்பட்டன. அதனாலேயே கலஹா போன்ற இடங்களில் லயக்காம்பராக்களில் குழந்தைகள் பிறந்து வளர்ந்து, அங்கேயே முதுமையும் எய்தினர். 'கண்டிச்சீமை'யில் தாத்தாவும் பாட்டியும் என்ற உறவுநிலை தேயிலையோடு வேரூன்றியது எனின் தவறாகாது. இம்முதியோரின் உடல் பனிக்கும் மழைக்கும் பழகிய உடல்.

இவ்விடத்தில் உடலியல் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். முதுமையில் வியர்வை குறைகின்றது. தாக உணர்வும் மழுங்குகின்றது. தோலுக்கு மிகுதியான இரத்தத்தைச் செலுத்தி உடலைத் தணிக்கும் வலு இதயத்துக்குக் குறைகின்றது. குளிர் நிலத்தவரின் உடல் வெப்ப நிலத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரமேனும் ஆகும். முதியோருக்கு அப்பழக்கம் மேலும் மெதுவாகவே கைகூடும். ஆகவே முதியவர் தாகம் எடுக்கும்வரை காத்திராது அடிக்கடி நீர் அருந்தவேண்டும். அதை நினைவூட்ட ஒருவர் அருகிருக்க வேண்டும்.

இரண்டாம் பயணத்தில் இந்த 'ஒருவரே' பலருக்கு இல்லாமற் போனார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மனிதர் இலக்கங்களாகப் பிரிக்கப்பட்டபோது குடும்பங்களும் பிரிந்தன. மகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகளுக்கு இலங்கைப் பிரசாவுரிமை எனப் பல வீடுகளில் நேர்ந்தது. தலைமன்னாருக்குக் கோச்சியிலும், அங்கிருந்து இராமேசுவரத்துக்கு 'இராமானுஜம்' கப்பலிலும் சென்றோர் மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டனர். முன்னர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோரைத் தடுத்து வைத்துப் பரிசோதித்து அனுப்பியதும் இதே மண்டபத்தில்தான். நிழல் அரிதான அக்கடற்கரை மணலில், வாழ்நாள் முழுவதும் கம்பளியோடு வாழ்ந்த கிழவியொருத்தி சித்திரை வெயிலை எவ்வாறு எதிர்கொண்டிருப்பாள் என்பதை எந்த ஒப்பந்த வாசகமும் கருதியதில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டோருக்கு மட்டும் பழகிய குளிர் மீண்டும் கிடைத்தது. ஏனையோர் சமவெளிகளிற் சிதறினர். 1984இல் கப்பற் சேவை நின்றது.

பிற நாட்டு அனுபவமும் இதையே உணர்த்துகின்றது. 1995 யூலையில் சிக்காகோ நகரில் 700க்கு மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்தனர். தனித்து வாழ்ந்த முதியோர் அவர்களுட் பலர். 2003 ஓகஸ்டில் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தபோதும் முதியோரே பெரும்பாலோர். செல்வ நாடுகளில் நேர்ந்தவை இவை. 2010இன் கொடிய கோடைக்குப் பின் அகமதாபாத் நகரம் 2013இல் ஒரு வெப்பச் செயற்றிட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர் நிலையங்கள், சுகாதாரப் பணியாளருக்கான பயிற்சி ஆகியன அதன் கூறுகள். தண்ணீர்ப் பந்தல் நகராட்சி அலுவலகக் கோப்பினுள் நுழைந்தது என்று சொல்லலாம்.

கலஹாவின் லயங்களில் கூரை பெரும்பாலும் தகரமே. இரவில் குளிரையும் நண்பகலில் வெக்கையையும் அது உள்ளே விடும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் காற்று நுழைய வழி அதிகமில்லை. இளையோர் பலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியோர் காலையிலேயே பிரட்டுக்களத்துக்குச் சென்று மாலையிற் கொழுந்து நிறுத்த பின்னரே திரும்புகின்றனர். அதுவரை லயத்தில் இருப்போர் முதியோரும், அவர்கள் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளுமே.