டிரம் வெடிக்காது

தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்கில் ஃபிட்டராக இருந்தவன் நான். கதாநாயகன் கைத்துப்பாக்கியால் ஒரு முறை சுட, டீசல் டிரம் ஆகாயத்துக்குப் பறக்கும் காட்சி வந்தால் என் மனசு ஒப்புவதில்லை. தோட்டா என்பது ஈயம், மேலே செம்புத் தகடு. இரும்பில் பட்டாலும் தீப்பொறி கிளம்புவது அரிது. டிரம்மில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை விழும், எண்ணெய் நூலாக வழிந்து மண்ணில் ஊறும். அவ்வளவுதான். டீசல் எரிய முதலில் சூடேறி ஆவியாக வேண்டும், அந்த ஆவி காற்றோடு கலக்க வேண்டும்.

நிஜமாகவே சுட்டு எரித்த கதை எங்கள் சென்னைத் துறைமுகத்துக்கே உண்டு. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பது மணிக்கு மேல். கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி நின்று விளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் தொட்டிகளைக் குறிவைத்தது. அது 10.5 சென்டிமீட்டர் பீரங்கி. குண்டுக்குள்ளேயே வெடிமருந்து இருக்கும், தகட்டைக் கிழித்து அங்கேயே வெடிக்கும். நூற்றுக்கும் மேல் குண்டுகள் போட்டும் பற்றி எரிந்தவை இரண்டு தொட்டிகள்தான். துறைமுகத்தில் நின்ற கப்பலிலும் உயிர்ச்சேதம். ஊரே மூட்டை கட்டி ஓடியது. 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பயத்தின் மிச்சம் அது.

ஒரு தொட்டியைக் கொளுத்த ஒரு போர்க்கப்பலே வரவேண்டியிருந்தது. சண்டைப் பயிற்சியாளர்கள் உயர்நீதிமன்றச் சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.