இரண்டு புள்ளித் தொலைவு: தமிழ் தலைவாஸும் கபடி ஏலக் கணக்கும்

2022 ஆகஸ்டில் மும்பையில் நடந்த புரோ கபடி லீக் ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி ரைடர் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்த லீக்கில் எந்த வீரருக்கும் அப்படியொரு விலை போனதில்லை. ஓர் அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவிடலாம் என்று வகுத்திருந்த வரம்பே 4.4 கோடிதான். ஒற்றை ஆளுக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா அரங்கில் குஜராத் ஜயண்ட்ஸுடன் முதல் ஆட்டம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில் பவனின் முழங்கால் மாட்டிக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அந்தப் பருவத்தில் அவர் மறுபடி களம் இறங்கவில்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது.

அணி அதோடு நொறுங்கியிருக்க வேண்டும். தொடக்கத்தில் தடுமாறவும் செய்தது. இடையில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். நரேந்தர் என்ற அறிமுக வீரர் அந்த ஒரே பருவத்தில் 243 ரைடு புள்ளிகள் குவித்தார். அவர் ஏலத்தில் கோடிகளுக்கு வந்தவர் இல்லை. புதிய இளம் வீரர் திட்டத்தின் கீழ், ஏலத்துக்கு வெளியே, குறைந்த ஊதியத்துக்கு எடுக்கப்பட்டவர். சாகர், சாஹில் குலியா, ஹிமான்ஷு, மோஹித், அபிஷேக் என்று இளையவர்களே தடுப்பைத் தாங்கினார்கள். 2017இல் லீக்குக்குள் வந்த தலைவாஸ் முதன்முறையாக நாக்-அவுட் சுற்றுக்குப் போனது. உ.பி. யோதாஸை 36-36 என்ற சமனுக்குப் பின் டை-பிரேக்கரில் 6-4 என்று வென்று அரையிறுதியைத் தொட்டது. அங்கே புனேரி பல்டனிடம் 37-39 என்று தோற்றது.

‘நட்சத்திரம் இல்லாமலேயே ஜெயிக்கலாம், பெரிய விலை வீண்’ என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எளிது. அந்த முடிவு தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். தலைவாஸின் பிழை கோடிகளைக் கொட்டியதில் இல்லை; எந்தக் கட்டத்தில் கொட்டியது, எந்தக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது என்பதில்தான் இருக்கிறது. அந்த இரண்டு புள்ளித் தோல்விக்குப் பின் வந்த ஏலம்தான் இதற்குச் சான்று.

தென்காசி மாவட்டத்து வாசகருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுரண்டை, வீரகேரளம்புதூர், சாம்பவர்வடகரை, பாவூர்சத்திரம் வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் கபடிப் போட்டி நடக்கும். சுவரொட்டியிலும் நோட்டீஸிலும் முதல் பரிசுத் தொகை, சுழற்கோப்பை, எடைப் பிரிவு இவற்றுக்குக் கீழே வெளியூர் வீரர்களைச் சேர்க்கலாமா கூடாதா என்பதும் அச்சாகியிருக்கும். அந்த ஒரு வரிக்காக ஊர்க் கமிட்டிகளில் நடக்கும் சண்டை கொஞ்சமில்லை. சொந்த ஊர்ப் பையன்களில் ஆறு பேர் தேறி, ஏழாவது ஆளாக ஒரு நல்ல ரைடரைக் காசு கொடுத்துக் கூட்டிவந்தால் அந்த அணி கோப்பையைத் தூக்கும். மூன்று பேர் மட்டும் தேறிய அணி எத்தனை பெரிய ரைடரை அழைத்து வந்தாலும், அவர் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்த மறு நிமிடமே ஆல்-அவுட் ஆகும். மண் தரையில் எல்லோரும் பார்த்த உண்மைதான். ஏல மேடைக்குப் போனதும் அது மறந்துபோகிறது.

ஆட்டத்தின் அமைப்பே இதற்குக் காரணம். கபடியில் ரைடர் பிடிபட்டால் களத்தை விட்டு வெளியேற வேண்டும். பொதுவாகத் தன் அணி எதிராளியை அவுட் ஆக்கினால்தான் அவர் உயிர் பெற்று உள்ளே வர முடியும். ஆக, மிக அதிக விலை பெற்ற ரைடரின் ஆட்ட நேரத்தைத் தீர்மானிப்பவர்கள், மிகக் குறைந்த விலைக்கு எடுக்கப்பட்ட கார்னர், கவர் தடுப்பாளர்கள்தான். கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளர் மற்றவர்கள் தவறினாலும் தன் இருபது ஓவரைத் தானே ஆடிவிடலாம். கபடியில் அது நடக்காது. பணத்தில் பாதியை ஒரு ரைடருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் தடுப்பாளர்களைத் திரட்டினால், அந்த ரைடர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்தே விலை கொடுத்ததாக ஆகும்.

தலைவாஸின் முதல் மூன்று பருவங்கள் இதற்குக் கண்கண்ட உதாரணம். 2017இல் அஜய் தாக்கூர் தனியாளாக இருநூறுக்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகள் எடுத்தார். அணி தன் பிரிவில் கடைசி. 2018இல் மஞ்சித் சில்லர், ஜஸ்வீர் சிங் போன்ற பெரிய பெயர்கள் வந்தன. மறுபடியும் பிரிவில் கடைசி. 2019இல் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்து, அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர், மோஹித் சில்லர், ரண் சிங் என்று அனுபவசாலிகளை அடுக்கினார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்தவர்கள் கோப்பை உறுதி என்று பேசினார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம்தான் கிடைத்தது.

இந்த மூன்று ஆண்டுகளில் உறுத்தும் இன்னொரு செய்தி கே. பிரபஞ்சனுடையது. சங்ககிரிக்காரரான இவர் முதல் பருவத்தில் தலைவாஸுக்காக ஆடி நன்றாகவே தேறியவர். அணி அவரைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. 2018இல் குஜராத் 38 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஆண்டு குஜராத் இறுதிப் போட்டி வரை போனது. 2021இல் அதே பிரபஞ்சனைத் தலைவாஸ் 71 லட்சம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. கையில் இருந்ததை விட்டுவிட்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து மீட்ட கதை இது.

பெரிய விலையே கெடுதல் என்று வாதிடுபவர்களுக்கு ஈரானிய வீரர் முகமதுரெசா ஷாட்லூயியின் பயணம் நல்ல மறுப்பு. அதே சமயம், பெரிய விலை கொடுத்தால் போதும் என்பவர்களுக்கும் அவரே மறுப்பு. ஒரே ஆள், மூன்று அணிகள், கிட்டத்தட்ட ஒரே விலை: சமூக அறிவியலில் இப்படி இயல்பாக அமையும் சோதனை அபூர்வம். 2023 ஏலத்தில் புனேரி பல்டன் அவரை 2.35 கோடிக்கு எடுத்தது. வரம்பு 5 கோடியாக உயர்ந்திருந்ததால், இது அதில் 47 விழுக்காடு. அவர் அந்தப் பருவத்தில் 99 டேக்கிள் புள்ளிகள் எடுக்க, 2024 மார்ச் 1இல் ஹைதராபாத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வென்று புனே கோப்பையைப் பிடித்தது. அடுத்த ஏலத்தில், தோற்ற ஹரியானாவே அவரை 2.07 கோடிக்கு வாங்கியது. 2024 டிசம்பரில் பாட்னாவை 32-23 என்று வென்று முதல் கோப்பையை எடுத்தது. 2025இல் குஜராத் 2.23 கோடி கொடுத்தது. குஜராத் முதல் எட்டு இடங்களுக்குள்ளேயே வரவில்லை.

ஷாட்லூயி ஓராண்டில் ஆட்டத்தை மறந்துவிடவில்லை. அவரை வாங்கும்போது புனே முந்தைய பருவத்தின் இரண்டாம் இடத்து அணி; அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத், தமிழரான அபினேஷ் நடராஜன் என்று சிறு வயதிலிருந்து வளர்த்த கூட்டம் கையில் இருந்தது. ஹரியானாவும் வாங்கும்போது இரண்டாம் இடத்து அணிதான். ஜெய்தீப், ராகுல் சேத்பால், வினய் ஆகியோரைத் தக்கவைத்திருந்தது. இரு அணிகளும் வாசற்படி வரை நடந்து வந்து, உள்ளே கால் வைக்க ஓர் ஆளைத் தேடின. குஜராத்தோ அவரைக் கொண்டு வீட்டையே கட்டப் பார்த்தது.

சுரண்டைச் சந்தையில் கமிஷன் மண்டிக்கு விடியற்காலையில் வரும் கேரள வியாபாரி, தன் ஊர்க் கடையில் எந்தக் காய் தீர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் ஏலம் கேட்பார். விலை ஏறினாலும் அவருக்குப் பதற்றம் இல்லை. அந்தக் காய் விற்றுவிடும். புனேயும் ஹரியானாவும் ஏலம் கேட்டது இப்படித்தான்.

இப்போது அந்த இரண்டு புள்ளிக்கு வரலாம். 2022 டிசம்பரில் புனேயும் தலைவாஸும் 39-37 என்ற அளவில் சமபலத்தில் நின்றன. இரண்டுமே இளம் அணிகள். அடுத்த ஏலத்துக்கு முன் தலைவாஸ் பவனை விடுவித்தது; கணிசமான பணம் கைக்கு வந்தது. இளம் கூட்டத்தைப் பெரும்பாலும் தக்கவைத்ததும் சரியான முடிவே. இந்தத் தருணத்தில்தான் ஒரு பெரிய கொள்முதல் தேவைப்பட்டது. நரேந்தரின் சுமையைப் பகிர்ந்துகொள்ளத் தேர்ந்த இரண்டாம் ரைடர், அல்லது தடுப்பில் ஒரு முதிர்ந்த ஆள். புனே ஷாட்லூயியை எடுத்தது. தலைவாஸ் கோடி விலைக்கு யாரையும் எடுக்கவில்லை. புனே கோப்பை, தலைவாஸ் ஒன்பதாம் இடம். அணியே இல்லாத காலத்தில் செலவு, அணி கனிந்து நின்ற காலத்தில் சிக்கனம் என்று கணக்கு தலைகீழானது.

பிறகு சுதாரித்துக்கொண்டு 2024இல் ரைடர் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தார்கள். அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அது. ஓராண்டு தாமதம், அதற்குள் அணியின் வேகம் தணிந்திருந்தது. மீண்டும் ஒன்பதாம் இடம். 2025இல் அர்ஜுன் தேஷ்வாலை 1.405 கோடிக்கும், பவனை இம்முறை 59.5 லட்சத்துக்கும் சேர்த்தார்கள். சில ஆட்டங்களிலேயே பவன் அணியை விட்டுப் போனார். ஒழுங்கு காரணம் என்று அணி அறிவித்தது, அவர் அதை மறுத்தார். முதல் எட்டுக்குள் இடம் கிடைக்கவில்லை.

முழங்கால் காயம் யார் கையில் இருக்கிறது, அது அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பவன் காயமின்றி ஆடிய சான்றும் இருக்கிறது. 2023 ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அவருக்கு 2.605 கோடி கொடுத்தது. வரம்பில் மறுபடியும் பாதிக்கு மேல். அவர் பருவம் நெடுகப் புள்ளிகள் எடுத்தார். டைட்டன்ஸ் இரண்டே வெற்றிகளுடன் கடைசி இடத்தில் முடித்தது. எதிர்ப்பக்கத்து உதாரணம் பாட்னா. தங்களுக்கு மூன்று கோப்பை வாங்கித் தந்த பர்தீப் நர்வாலை 2021 ஏலத்தில் போகவிட்டார்கள், அவர் 1.65 கோடிக்கு உ.பி. அணிக்குப் போனார். பாட்னா அந்தப் பருவத்தில் பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதிப் போட்டியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. அன்று அந்த அணியின் தடுப்பில் 89 டேக்கிள் புள்ளிகள் எடுத்தவர், இன்னும் விலை உயராத ஷாட்லூயி.

இந்த விவாதத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அமெரிக்க பேஸ்பால்காரர்கள். அங்கே பருவம் முடிந்த குளிர்கால மாதங்களே அணிகளுக்கு உண்மையான வேலைக் காலம். வீரர்களைப் பண்டமாற்றாகவும் கொடுத்து வாங்குவார்கள். 2001 பருவத்துக்குப் பின் ஓக்லண்ட் அணி ஜேசன் ஜியாம்பி, ஜானி டேமன், ஜேசன் இஸ்ரிங்ஹவுசன் என்ற மூவரையும் பணக்கார அணிகளிடம் இழந்தது. பொது மேலாளர் பில்லி பீன் ஜியாம்பிக்கு இணையான ஒருவரைத் தேடவில்லை. ஆட்டத்தில் அவர் எந்தப் பங்கைச் செய்தார் என்று பிரித்துப் பார்த்து, அந்தப் பங்கைத் தரக்கூடியவர்களைக் குறைந்த சம்பளத்தில் சேர்த்தார். 2002இல் அந்த அணி 103 ஆட்டங்களை வென்றது. அதில் 20 வெற்றிகள் தொடர்ச்சியாக வந்தவை. தமிழ் வாசகருக்கு வீரர் பண்டமாற்று 2025 நவம்பரில் நன்கு அறிமுகமானது: கடைசி இடத்தில் முடித்த சென்னை சூப்பர் கிங்ஸ், ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றது. கபடியில் கொடுக்கல் வாங்கலைவிட ஏலமும் தக்கவைப்புமே பெரிது. ஆனாலும் பீனின் பாடம் இங்கும் பொருந்தும்: அணியைக் கட்டும் இடம் ஏல மேடை அல்ல. அதற்கு முந்தைய மாதங்களில் நடக்கும் இளம் வீரர் தேர்வே.

அந்தத் தேர்வில்தான் தென்மாவட்டங்களுக்கு வேலை இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்றவர். 2025இல் மாரி செல்வராஜின் ‘பைசன்’ படம் அவர் வாழ்வைத் தழுவி வந்ததும் ஊர்தோறும் அவர் பேச்சாக இருந்தது. படம் பார்த்துக் கைதட்டுவதோடு இது முடிந்துவிடக் கூடாது. தமிழ் வீரர்களை எடுங்கள் என்பது இனப் பற்றினால் மட்டும் எழும் கோரிக்கை அல்ல. உள்ளூர் இளைஞரைப் பல ஆண்டுகள் பார்த்து, விலை ஏறும் முன் எடுக்க முடியும். அப்படி மிச்சமாகும் பணம்தான் பின்னால் ஷாட்லூயி போன்ற ஒருவருக்குக் கொடுக்கும் பணம். நரேந்தரை அப்படிக் கண்டெடுத்த அணிக்கு இது தெரியாததல்ல.

தடைகளும் உண்மையானவை. நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் மண் தரை. லீக் ஆட்டம் மேட் விரிப்பில். ஊர்ப் போட்டிகள் பலவற்றில் எடை வரம்பு அறுபது, அறுபத்தைந்து கிலோ. லீக்கில் 85 வரை போகலாம். அறுபது கிலோவில் கலக்கும் பையன் எண்பது கிலோ தடுப்பாளரின் பிளாக்கைத் தாங்க, ஓரிரு ஆண்டு உணவும் உடற்பயிற்சியும் வேண்டும். அந்த ஓரிரு ஆண்டுச் செலவை ஏற்க ஆள் இல்லாததால்தான் பலர் கல்லூரி முடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கோடி ரூபாய் ஏலத் தொகையோடு ஒப்பிட்டால் இருபது இளைஞர்களுக்கான உணவும் பயிற்சியும் பெரிய தொகை ஆகாது.

தமிழ் தலைவாஸ் நிர்வாகம் அடுத்த ஏலத்துக்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். கொடை, பொங்கல் போட்டிகளைப் பார்க்கத் தென்மாவட்டங்களுக்கு நிரந்தரமாக ஒரு தேர்வாளரை அமர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தென்காசியிலோ சுரண்டையிலோ மேட் விரித்து ஒரு தேர்வு முகாம் நடத்த வேண்டும். ஊர்க் கமிட்டிகளும் தங்கள் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை அந்த மேட்டுக்கு ஒதுக்கலாம்.